சத்தம் நின்றுபோன கடல்தொட்டி

நம்மூரில் உப்புத்தண்ணீர் என்றால் போர்வெல் தண்ணீர்தான். வீடுகளில் கடல்நீர்த் தொட்டி பராமரிக்கிறேன் என்று நான் சொன்ன காலத்தில், "அதுக்கு எதுக்குங்க தனியா உப்பு வாங்கறீங்க, எங்க ஊட்டு போர்த் தண்ணியவே ஊத்துங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. இப்போது நிலைமை மாறிவிட்டது. திருப்பூரில் புதிதாகக் கட்டுகிற பெரிய வீடுகளில் பூஜை அறைக்கு இடம் ஒதுக்குவது போலத் தொட்டிக்கும் ஒதுக்குகிறார்கள். நீங்கள் ஆறேழு பேர் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். நான் விலகிவிட்டேன். கிளம்பும்முன் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள்.

மோட்டார், விளக்கு, தண்ணீர்ப் பரிசோதனை பற்றியெல்லாம் என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு வெளியூர் போகும் நாட்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் பயந்துபோன நாட்களை எண்ணினால் முக்கால்வாசி அந்த நாட்களாகத்தான் இருக்கும். அதிலும் ஒரு நாளை முழுதாகச் சொல்கிறேன். அதில் நான் செய்த தப்புகள் நாலைந்து இருக்கின்றன. ஒன்றையும் மறைக்கவில்லை.

நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு வீடு. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பனியன் ஏற்றுமதி கம்பெனி நடத்துகிறார்கள். தொட்டி மனைவியுடையது. அவர் பெயர் கோகிலா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறடித் தொட்டி. ஹாலில், சோபாவுக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. அதில் மென்பவளங்கள், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கடல்சாமந்தி, அதற்குள்ளேயே குடியிருக்கும் கோமாளி மீன் ஜோடி, மஞ்சள் நிறத்தில் ஒரு சர்ஜன் மீன், மற்றவை எல்லாம் சேர்த்து பன்னிரண்டு மீன்கள், இரண்டு இறால்கள். ஏழு வருஷமாக அந்த அம்மாள் வளர்த்தது. கம்பெனிக்குக் கிளம்பும்முன் தொட்டி முன்னால் பத்து நிமிஷம் நிற்பார். அந்தப் பத்து நிமிஷமும் யார் போனையும் எடுக்கமாட்டார். அந்த மஞ்சள் மீன் அவர் விரலிலிருந்து கடல்பாசியைப் பறித்துத் தின்னும்.

ஒரு சித்திரை மாதம் இருவரும் ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்குப் போகவேண்டி வந்தது. ஒன்பது நாள். அதுவரை இருவரும் ஒன்றாக வெளியூர் போனதில்லை. யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார்.

"ஒம்பது நாளுங்க. எனக்கு ஸ்டாலைப் பத்திக்கூடக் கவலை இல்லீங்க, இதுதான்" என்றார் கோகிலா மேடம்.

"நிம்மதியாப் போயிட்டு வாங்க மேடம்" என்றேன் நான். அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லாதீர்கள். நிம்மதி நம் கையில் இருக்கிற சரக்கு இல்லை.

ஏற்பாடெல்லாம் பலமாகத்தான் செய்தேன். உதிரி மோட்டார் ஒன்று வாங்கி வைத்தேன். மின்சாரம் போனால் தானாக ஓடி, தண்ணீருக்குள் காற்றுக் குமிழ் விடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை ஹாலிலேயே மாட்டினேன். தண்ணீர் சூடேறினால் என் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி. தொட்டியைப் பார்த்தபடி ஒரு கேமரா. ஃப்ரீசரில் தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டில்கள் எட்டு. போதாக்குறைக்கு, அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இன்னொரு புதுக் கருவியும் மாட்டினேன். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகிக் குறையும். அந்தக் குறையைத் தானாக நிரப்புகிற சின்ன மோட்டார் அது. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இன்னொரு சிறிய தொட்டி இருக்கும், நாம் சம்ப் என்போமே, அதன் விளிம்பின் மேலாக அந்த மோட்டாரின் ஒயரைக் கொண்டுவந்து, கீழே இருந்த பிளக் போர்டில் சொருகினேன். ஓடியது. மணி ஏழாகிவிட்டது. போதும் என்று அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள மயிலாத்தாள் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்த வீட்டில் சமையலும் வீட்டு வேலையும் அவர்தான். அதற்கு முன்பு பதினாறு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். ஓடுகிற துணியில் ஒரு தையல் விட்டிருந்தால் கண்ணில் பட்டுவிடும். அப்படி ஒரு கண் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, தொட்டிப் பக்கம் எதையும் தொட வேண்டாங்க. சுவிட்ச், ஒயர் ஒண்ணும் தொடாதீங்க. காலைல ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்க. மத்தது எல்லாம் என்ற போன்ல வந்துரும்."

"சரிங்ண்ணா" என்றார்.

அவர்கள் கிளம்பிய மறுநாளே மயிலாத்தாள் போன் செய்தார். நான் அப்போது மங்கலத்தில் ஒரு தறி முதலாளி வீட்டில் தொட்டிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க ஈரம்.

"அண்ணா, எறா ஒண்ணு செத்துப்போச்சுங். அடில வெள்ளையாக் கெடக்குது."

இறால் வளரும்போது சட்டையைக் கழற்றிப் போடும். கழற்றிய சட்டை அப்படியே இறால் மாதிரி, மீசை முதற்கொண்டு கிடக்கும். புதியவர்கள் எல்லாரும் ஏமாறுவது அது. "அது தோலுங்கக்கா. எறா பாறைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். இதுக்கெல்லாம் போன் பண்ணாதீங்க" என்றேன். பக்கத்தில் இருந்த தறிக்காரரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பு போனில் கேட்டிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

"சரிங்ண்ணா, தெரியாமக் கூப்புட்டுட்டனுங்" என்று வைத்துவிட்டார்.

நான்காம் நாள் தாராபுரத்தில் மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. நானும் போயிருந்தேன். காலை ஒன்பது மணிக்கு மண்டபத்து வாசலில் நின்று போனில் கேமராவைத் திறந்து பார்த்தேன். ஹாலில் விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றியது. தொட்டி விளக்கு அணைந்திருந்தது. அது பதினோரு மணிக்குத்தான் எரியும் என்று நான்தான் நேரம் வைத்திருந்தேன். சூட்டுக் கருவியிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. எல்லாம் சரி என்று போனைப் பையில் போட்டேன். பதினோரு மணிக்கு விளக்கு எரிகிறதா என்று மறுபடி பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அந்த நேரத்தில் குழந்தை அழுதுகொண்டிருந்தது, எல்லாரும் சுற்றி நின்றோம்.

பந்தியில் உட்காரும் நேரம். மணி ஒன்று ஆகப்போகிறது. மயிலாத்தாள் அழைத்தார்.

"அண்ணா, சாப்புட்டு இருக்கறீங்களா? அப்பறம் கூப்புடட்டுங்களா?"

"இல்லீங்க, சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்… அந்த மஞ்ச மீனு மேல வந்து நிக்குதுங். வாயத் தொறந்து தொறந்து மூடுது. மத்ததும் பாதி மேலதான் நிக்குது. தொட்டில சத்தமே இல்லீங்."

"எப்ப இருந்துங்க சத்தம் இல்ல?"

"கூட்டறதுக்கு வந்தப்பவே இல்லீங். எட்டு மணி இருக்கும். நீங்கதான் ஏதோ நிறுத்தி வெச்சிருக்கறீங்கன்னு நெனச்சனுங்."

இலையில் சோறு விழுந்துவிட்டது. எழுந்து வெளியே வந்தேன். ஐந்து மணி நேரம். சித்திரை வெயில், ஏ.சி. போடாத ஹால், அசையாத தண்ணீர். போன் அவர் கையில் இருந்தது, நான் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தேன்.

அந்த நேரத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் ஒரு டஜன் மனசுக்குள் வரும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடுகிறதா, சூடு எத்தனை, பவளம் சுருங்கிவிட்டதா. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் எதிரில் இருப்பவருக்குக் கை கால் ஓடாது. மீனுக்கு முதலில் மூச்சு வேண்டும். சூடு அப்புறம். சுத்தம் அதற்கும் அப்புறம். இந்த வரிசையை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அன்றைக்கு அந்த மண்டப வாசலில், செருப்பைத் தேடிக்கொண்டே எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

"அக்கா, ஹால்ல ஃபேன் ஓடுதா?"

"ஓடுதுங். கரண்ட்டு இருக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் மின்சாரம் இருக்கிறது. தொட்டிக்கு மட்டும் இல்லை. தொட்டிக்கென்று தனி லைன், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து நிறுத்திவிடும் தனி டிரிப் சுவிட்ச். அது விழுந்திருக்கிறது. பேட்டரி ஏர் பம்பை நான் சொருகியிருந்தது ஹால் லைனில். அந்த லைனில் கரண்ட் இருப்பதால், எல்லாம் நன்றாக இருக்கிறதென்று நினைத்து அது சும்மா இருக்கிறது. கேமராவும் ஹால் லைன்தான், அதனால்தான் எனக்கு நல்ல படம் காட்டியது. சூட்டுக் கருவியோ தொட்டி லைனில். அதுவும் தொட்டியோடு சேர்ந்து செத்துப்போனது. செத்த கருவி எப்படிச் செய்தி அனுப்பும்? செய்தி வராததை நான் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, தொட்டிக்குப் பக்கத்துல சுவத்துல ஒரு வெள்ளைப் பொட்டி சொருகியிருக்கும். அதோட ப்ளக்கைப் புடுங்குங்க."

"புடுங்கறதுங்களா? நீங்க தொட வேண்டாம்னு…"

"நான் சொன்னது தப்புங்கக்கா. புடுங்குங்க. புடுங்குனாத்தான் அது ஓடும்."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு எதுவுமே கேட்கவில்லை. அந்த அரை நிமிஷம் எனக்கு நீளமாக இருந்தது. பிறகு உர்ரென்ற சத்தம்.

"குமிழு வருதுங்ண்ணா."

என் சகலை நான் கேட்காமலே காரை எடுத்து வாசலில் நிறுத்தியிருந்தார். ஏறினோம். குண்டடம் தாண்டும் வரை மயிலாத்தாளுடன் பேசிக்கொண்டே போனேன். செருப்புப் போட்டுக்கொண்டு போர்டிகோவில் இருக்கும் மின்பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். சிவப்பு பெயின்ட் அடித்த சுவிட்ச் கீழே விழுந்து கிடந்தது.

"தூக்கி உடட்டுங்களா?"

"வேண்டாம். தொட்டிக்கு முன்னால தரை எப்படி இருக்குது? காஞ்சிருக்குதா?"

"ஈரமா இருக்குதுங். அலமாரிக்கு அடியில இருந்து கசிஞ்சிருக்குது. நானு ரெண்டு தடவ தொடச்சுட்டேன்."

நினைத்தபடிதான். மோட்டார் நின்றால் மேல்தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கீழே சம்புக்கு இறங்கும். சம்ப் நிரம்பி வழிந்திருக்கிறது. உப்புநீர் தரையில், அலமாரிக்குள் பிளக் போர்டு, எதனால் விழுந்தது என்று தெரியாத சுவிட்ச். "அக்கா, அந்தச் செவப்பு சுச்சு கீழ கெடக்கற வரைக்கும் தொட்டில கரண்ட் இல்ல. அதை மட்டும் தொடாதீங்க. அலமாரிக் கதவையும் தொறக்காதீங்க. ஒரு மர ஸ்டூல் போட்டு, செருப்போட அதுல ஏறி நின்னு, சொம்புல தொட்டித் தண்ணிய மோந்து கொஞ்சம் ஒசரத்துல இருந்து திரும்பத் தொட்டிலயே ஊத்துங்க. நெதானமா. கை வலிச்சா நிறுத்தி மறுபடி ஊத்துங்க." உயரத்திலிருந்து விழும் தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு போகும். ஆறடித் தொட்டிக்கு அந்த ஒரு சின்ன பம்ப் போதாது. ஒரு மனுஷி கையால் செய்கிற வேலையும் சேர்ந்தால்தான் தாக்குப்பிடிக்கும்.

"ஐஸ் பாட்டுலு போடட்டுங்களா?"

நல்ல கேள்வி. எட்டையும் ஒன்றாகப் போட்டால் சூடு சட்டென்று இறங்கி, பிழைத்திருப்பதும் போய்விடும். மூடி திறக்காமல் ஒன்று மட்டும் மிதக்கவிடச் சொன்னேன். அரைமணி கழித்து இன்னொன்று.

இதற்கிடையில் கோகிலா மேடத்துக்குச் சொல்லவேண்டும். சொல்லாமல் சரிசெய்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது அவருடைய தொட்டி. நிலைமை கை மீறும்முன் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அழைத்தேன். ஸ்டாலில் இருந்தார் போல, பின்னால் ஒரே கூட்டச் சத்தம். விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சத்தத்திலிருந்து விலகி எங்கோ போய் நின்றார்.

"மஞ்ச மீனு?"

"உசுரோட இருக்குதுங்க மேடம். மூச்சு வாங்குது."

"சுவிட்ச் விழுந்திருந்தா தூக்கி உடச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்துல எல்லாம் ஓடிரும்."

"அது முடியாதுங்க மேடம்."

"ஏனுங்க முடியாது? உள்ள செத்துட்டு இருக்குது."

"தரையெல்லாம் உப்புத்தண்ணிங்க. அந்தம்மா கை ஈரம். எதனால டிரிப் ஆச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. மறுபடியும் விழுந்தாப் பரவால்ல. விழாமப் போனா? நான் போய் என் கையால தூக்கறேன். அதுவரைக்கும் தூக்கச் சொல்லமாட்டேன்."

தொட்டியில் இருந்த ஒவ்வொரு உயிரும் எனக்கும் பழக்கம்தான். ஆனாலும் இதில் மட்டும் நீங்கள் தடுமாறக் கூடாது. வாடிக்கையாளர் கேட்டாலும், கெஞ்சினாலும், தண்ணீருக்கு முன்னால் நிற்கிற ஆள்தான் முதல்.

பிறகு அவர் கேட்டார். "மயிலாத்தா ஏதாச்சும் பண்ணீட்டாங்களா? கூட்டறப்ப, தொடைக்கறப்ப தண்ணிகிண்ணி போர்டுல பட்டிருக்குமோ?"

எனக்கு அந்தப் புது மோட்டாரின் ஒயர் ஞாபகம் வந்தது. சம்ப் விளிம்பிலிருந்து நேரே கீழே இறங்கி போர்டுக்குள் போகும் ஒயர். அந்த நிமிஷமே எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது, "போய்ப் பாத்தாத்தான் தெரியுங்க மேடம்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பழி மயிலாத்தாள் பக்கம் நிற்பதை நான் தள்ளிவிடவில்லை. நின்றால் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவினாசிபாளையம் வரும்வரை அந்த வாக்கியம்தான் மனசுக்குள் ஓடியது. மீனைவிட அதுதான் அதிகம் உறுத்தியது.

திருப்பூருக்குள் நுழைந்தால் நம்மூர் போக்குவரத்து உங்களுக்குத் தெரியும். கம்பெனி வேன்களும் டூவீலர்களும் பாலத்துக்குக் கீழே அடைத்துக்கொண்டு நின்றன. இருபது நிமிஷம் ஒரே இடத்தில். மயிலாத்தாளை அழைத்தேன். போனை எடுத்தவர் மூச்சு வாங்கப் பேசினார். ஊற்றிக்கொண்டே இருக்கிறாராம். "கோமாளி ரெண்டும் பூவுக்குள்ள போயிருச்சுங். மஞ்ச மீனு மட்டும் சாஞ்சு நிக்குது."

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இரண்டரை. மயிலாத்தாள் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். கைகள் முழங்கை வரை நனைந்திருந்தன, சேலையில் உப்புப் பூத்திருந்தது. வலது கை தூக்க முடியாமல் இடது கையால் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம். நான் உள்ளே வந்ததைப் பார்த்தும் இறங்கவில்லை.

"போதுங்கக்கா, எறங்குங்க" என்றேன்.

"ஓட உட்டுட்டுச் சொல்லுங்க, எறங்கறேன்" என்றார்.

அலமாரியைத் திறந்தேன். நான் நினைத்தது சரி. சம்பில் எப்போதும் பொடிப்பொடியாகத் தெறிக்கும் உப்புநீர், விளிம்பில் கிடந்த என் புது ஒயரைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக நடந்து போர்டுக்குள் இறங்கியிருந்தது. பிளக்கைச் சுற்றி வெள்ளையாக உப்பு, பக்கத்தில் கருகல். ஒயரை ஒரு கை அளவு தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றிச் சொருகியிருந்தால் சொட்டு அந்தத் தொங்கலின் அடியிலேயே விழுந்துபோயிருக்கும். பத்து வருஷமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தேன். அன்றைக்கு மணி ஏழாகிவிட்டதென்று செய்யவில்லை. வீட்டுக்காரர் கிளம்புவதற்கு முந்தின நாள் தொட்டியில் புதிதாக எதையும் மாட்டாதீர்கள் என்று நான் சொன்னால், அது இந்தக் கருகலைப் பார்த்த கண் சொல்வது. புதுக் கருவியை இரண்டு வாரம் முன்பே மாட்டி, அது கெட்டுப்போவதற்கு அவகாசம் கொடுங்கள். கெட்டுப்போனால் நம் கண் முன்னால் கெட்டுப்போகட்டும்.

கருகிய போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு போர்டை சுவரில் உயரமாக மாட்டி, துடைத்து, காயவைத்து, பிறகுதான் சிவப்பு சுவிட்சைத் தூக்கினேன். மோட்டார் இருமியது. ஓடியது. தண்ணீர் விழும் சத்தம் வந்ததும் மயிலாத்தாள் ஸ்டூலிலிருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகும் சாயங்காலம் வரை நாங்கள் இருவரும் தொட்டியையே பார்த்தபடி இருந்தோம். மஞ்சள் மீன் பாறைக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அதன் செவுள் அசைவதை மயிலாத்தாள் எண்ணிக்கொண்டிருந்தார். "இப்பக் கொறையுதுங்" என்றார் ஒரு தடவை. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. ஆறு மணி சுமாருக்கு அது அசைவை நிறுத்தியது. மற்ற பதினொன்றும் இருந்தன. கடல்சாமந்தி சுருங்கி ஒரு கைப்பிடி அளவாகிவிட்டது, ஆனால் பிடியை விடவில்லை.

"என்ற மேலதான் வருமுங்களா?" என்று கேட்டார் மயிலாத்தாள்.

"எது?"

"கம்பெனில இருந்தப்ப ஒருக்கா சரக்கு திரும்பி வந்துருச்சுங். என்ற டேபிள்ல பாத்ததுன்னு சொல்லீட்டாங். நானு பாத்தது இல்லீங் அது. சொன்னா யாரு கேக்கறாங்க. அன்னைக்கு வேலைல இருந்து நின்னவதான். இங்கயும் எதையாச்சும் தொட்டு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா என்ன பண்றதுன்னுதானுங், எட்டு மணில இருந்து தொட்டி முன்னாலயே வந்து வந்து நின்னுட்டு இருந்தேன். போனக் கையிலதான் வெச்சிருந்தேன். எறாவுக்குக் கூப்புட்டப்பவே நீங்க சிரிச்சீங்களா, அதான்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். ஐந்து மணி நேரத்துக்குக் காரணம் எனக்குக் கிடைத்துவிட்டது. ஒரு கருவியும் பார்க்காததை எட்டு மணிக்கே பார்த்த ஒரே ஆளை, நான்தான் வாயடைத்து வைத்திருந்தேன்.

கோகிலா மேடத்தை அழைத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

"மேடம், மஞ்ச மீனு போயிருச்சுங்க. மத்ததெல்லாம் இருக்குது. டிரிப் ஆனதுக்கு நான்தான் காரணம். நீங்க கெளம்பறதுக்கு முந்தின நாள் நான் மாட்டுன ஒயர் வழியா தண்ணி போர்டுக்குள்ள எறங்கிருச்சு. ஏர் பம்ப்பைத் தப்பான லைன்ல சொருகுனதும் நான். மயிலாத்தாக்கா காலைலயே பாத்துட்டாங்க. போன் பண்ணாதீங்கன்னு நான் சொல்லியிருந்ததுனால பண்ணல. அவங்க ஒன்றரை மணி நேரம் கையால தண்ணி ஊத்தலைன்னா ஒண்ணுகூட மிஞ்சியிருக்காதுங்க. மத்தியானம் நீங்க கேட்டப்பவே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. சொல்லல."

போனைக் கொஞ்சம் மயிலாத்தாள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"மத்தியானத்துல இருந்து நான் அவங்களத் திட்டறதுக்கு வார்த்தை சேத்து வெச்சுட்டு இருந்தேனுங்க" என்றார் கோகிலா மேடம். பிறகு, "போன அவங்ககிட்டக் குடுங்க."

ஸ்பீக்கரை அணைத்துக் கொடுத்துவிட்டு நான் போர்டிகோவுக்குப் போனேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தபோது மயிலாத்தாள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "காப்பி வெக்கறேனுங்" என்று சமையலறைக்குள் போனார்.

கோகிலா மேடம் ஊருக்கு வந்தபின் ஒரு மாதம் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தொட்டி முன்னால் நிற்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் நான் உள்ளே வந்தால் நகர்ந்து போய்விடுவார். என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வேறு மஞ்சள் மீன் கொண்டுவரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம் என்றார். அதன்பின் கேட்கவில்லை. சில சேதங்களுக்கு நாம் பதில் சொல்லலாம், ஈடு கொடுக்க முடியாது.

அதற்குப் பிறகு நான் என் வேலைமுறையை மாற்றிக்கொண்டேன். பேட்டரி பம்ப் எப்போதும் தொட்டி லைனிலேயே. கருவிகளை இரண்டு லைனாகப் பிரித்தேன், ஒன்று விழுந்தால் ஒன்று ஓடும். சூட்டுக் கருவி தினம் மூன்று வேளை 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பவேண்டும், வராவிட்டால் அதுவே எனக்கு அபாயம். ஆனால் இவையெல்லாம் சாமான்கள். பெரிய மாற்றம் வேறு. வீட்டில் இருக்கப்போகிற ஆள் யாரோ, சமையல்காரரோ, வாட்ச்மேனோ, அவருடன் அரை நாள் உட்கார்ந்துவிடுவேன். ஒடிசாக்காரர் என்றால் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில். கெட்டுப்போனதை என் கண்ணில் பார்க்காமல் அவர் கண்ணில் பார்க்கப் பழகினேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், எதற்கு வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்பேன். பத்து தடவை வீணாகக் கூப்பிடட்டும், பத்து தடவையும் நன்றி சொல்லுங்கள். பதினோராவது தடவைக்காக.

அடுத்த வருஷம் அதே சித்திரையில் அவர்கள் மறுபடி கிளம்பினார்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு, தொட்டியை ஒருமுறை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கக் கோகிலா மேடத்திடம் அனுமதி கேட்டேன். அவர் யோசித்து, தலையை மட்டும் ஆட்டினார். மயிலாத்தாளிடம் என்றைக்கு என்று சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டில் அவர் மட்டும் இருக்கும்போது, சத்தமில்லாமல் போர்டிகோவுக்குப் போய், தொட்டி சுவிட்சுகள் இரண்டையும் கீழே தட்டிவிட்டு, வெளியே வந்து, மதில் மறைவில் நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்தேன். கதவைக்கூடச் சாத்தவில்லை, சத்தம் கேட்கும் என்று.

நான்தான் தட்டிவிட்டது. ஓடிப்போய்த் தூக்கிவிட அரை நிமிஷம் போதும். எல்லாம் தெரிந்திருந்தும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் ஆனது. அவர் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தால்? குக்கர் சத்தத்தில் கேட்காமல் போனால்? இரண்டு நிமிஷம். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன் அடித்தது.

"அண்ணா, தொட்டி நின்னுபோச்சுங்." குரலில் பதற்றம் இல்லை. "காத்துப் பொட்டி தானா ஓடுது. செவப்பு சுச்சு ரெண்டுமே கீழ கெடக்குது, நானு தொடுல. தரை காஞ்சுதான் இருக்குது. மீனு பதினொண்ணும் எண்ணீட்டேன், எல்லாம் உள்ளதான் இருக்குது, மேல வருல. நீங்க எங்க இருக்கறீங்?"

வாசலில்தான் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பக்கத்துலதாங்கக்கா" என்றேன்.

"வண்டிய முடுக்காம வாங்க. நானு பாத்துக்கறேன்."

சரி என்று வைத்தேன். இறங்கிக் கேட் வரை போனேன், உடனே உள்ளே நுழையவில்லை. கேட் கம்பிகளுக்கு நடுவே, திறந்திருந்த ஹால் கதவு வழியாக அவர் தெரிந்தார். செருப்பு போட்டிருந்தார். மர ஸ்டூலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கையில் சொம்புடன், தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.